பெரியம்மாவின் பிஸ்கட் டப்பா

பிஸ்கட் டப்பாவில் பிஸ்கட் இருக்கும் வீடு தமிழ்நாட்டில் எங்காவது உண்டா, நேயர்களே? எனக்குத் தெரிந்தவரை இல்லை. ஊசியும் நூலும் இருக்கும். ரேஷன் கார்டு இருக்கும். அறுந்துபோன சங்கிலியின் கொக்கி இருக்கும். கோவில்பதாகையில் என் பெரியம்மா வீட்டு அலமாரியில் இருக்கும் டப்பாவில், நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து சட்டைப் பொத்தான்கள்தாம் குடியிருந்து வந்தன.

சென்ற வருஷம் ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரவிக்கைக்கு ஒரு பொத்தான் வேண்டுமென்று அந்த டப்பாவைத் திறந்தேன். பொத்தான் அகப்படவில்லை. அடுக்கடுக்காக மாத்திரை அட்டைகள் இருந்தன. சர்க்கரை வியாதிக்கான மாத்திரைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. தரையில் உட்கார்ந்து எண்ணினேன். மூன்று மாதத்து மாத்திரை!

பெரியம்மாவுக்கு அறுபத்தேழு வயது. சர்க்கரை வியாதி வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. 2021-ஆம் ஆண்டு தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து, மாதா மாதம் ஒரு பெண் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறாள். பெரியம்மா அவளை உட்கார வைத்து மோர் கொடுப்பாள், மாத்திரையை வாங்கிக் கொள்வாள், "ஒழுங்காச் சாப்பிடுறீங்களாம்மா?" என்றால் "சாப்பிடுதேனே!" என்பாள், விரலில் குத்திப் பார்க்கிறேன் என்றால், "இன்னைக்கு வேண்டாம்மா, கை வலிக்கி" என்று தட்டிக் கழித்துவிடுவாள். பிறகு மாத்திரை டப்பாவுக்குள் போய்விடும். ஆயுளில் ஒரு பொய் சொல்லி நான் கேட்டறியாத மனுஷி! மூன்று மாதமாக அந்தப் பெண்ணிடம் இப்படிப் பொய் சொல்லியிருக்கிறாள்.

"என்ன பெரியம்மா இது?" என்று கேட்டேன்.

பெரியம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். முகத்தில் குற்ற உணர்ச்சி இல்லை. ஒரு விதமான வெளிச்சம் இருந்தது.

"எனக்குச் சுகமாயிட்டுட்டி," என்றாள்.

* * *

கோவில்பதாகை ஆவடியை ஒட்டிய ஊர். பதாகை என்றால் கொடி. சுந்தரராஜப் பெருமாள் கோயிலும் ஏரியுமாக இருக்கும் பழைய ஊர் அது. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்ட பிறகு, எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்த குடும்பங்கள் சுற்று வட்டாரத்தில் மனை வாங்கி வீடு கட்டிக் கொண்டார்கள். என் பெரியப்பாவும் அப்படித்தான் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேறி வந்தார். செய்து முடித்த உருப்படிகளை அளந்து பார்த்து, சரி என்றும் தள்ளுபடி என்றும் சொல்வது அவர் வேலை. வீட்டிலும் அப்படியே. தோசை வட்டமாக இல்லாவிட்டால் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதற்குத் தள்ளுபடி என்று அர்த்தம்.

அவர் காலமாகி நான்கு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். பெரியம்மா தனியாக இருந்தாள்.

அடுத்த தெருவில் வியாழக்கிழமைதோறும் ஒரு வீட்டுக் கூட்டம் நடந்து வந்தது. நடத்தியவன் ஓர் இளைஞன். முப்பது வயதுதான் இருக்கும். முதலில் பெரியம்மாவுக்கு அவன் 'தம்பி'. இரண்டு மாதத்தில் 'பாஸ்டர்'. பிறகு 'தேவ மனுஷர்'. பிள்ளை வயதுள்ள ஒருவன் இவ்வளவு வேகமாகப் பதவி உயர்வு பெறும்போதே நாம் கொஞ்சம் விழித்துக் கொள்ள வேண்டும். ஆனால் நான்தான் எட்டு மாதமாக அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லையே!

அவனுடைய உபதேசம் இது: வியாதி நீங்கிவிட்டது என்று விசுவாசித்த பிறகு மருந்து சாப்பிடுவது, கடவுளைப் பார்த்து 'உம்மை நான் நம்பவில்லை' என்று சொல்வதற்குச் சமானம். ஏசாயா தீர்க்கதரிசியின் 53-ஆம் அதிகாரத்தில், தழும்புகளால் குணமாகிறோம் என்ற கருத்துள்ள வசனம் இருக்கிறதல்லவா? அதைக் காட்டி, "குணமாகிவிட்டீர்கள் அம்மா! மாத்திரை எதற்கு?" என்று கேட்டிருக்கிறான்.

நான் பத்திரிகைக்காரி. உடனே பேனாவைத் தூக்கிவிட்டேன். "அவன் மோசக்காரன், பெரியம்மா! எவ்வளவு பணம் கொடுத்தீங்க?" என்றேன்.

"ஒரு ரூபா வாங்கலையே! ஆட்டோவுக்குக் குடுத்தேன், அதையும் திருப்பித் தந்துட்டான். அவனைப் பெத்தவளும் மாத்திரையை நிறுத்தி ஒரு வருஷமாச்சு. தெரியுமா உனக்கு?"

"அப்படியானால் ஏமாளி!"

பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்க பெரியப்பா செத்த நாளை நீ ஞாபகம் வச்சிருந்தியாட்டி?" என்று கேட்டாள். "கோயிலிலேருந்தும் ஒருத்தரும் வரலை. நீயும் வரலை. அந்தத் தம்பிதான் பெண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு வந்து ஜெபம் பண்ணிட்டுப் போனான்."

நேயர்களே, அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? தப்பான உபதேசம் கொம்பும் வாலும் முளைத்துக் கொண்டு வரும் என்று நினைத்துக் கொண்டிருந்தேன். அது ஒரு பாத்திரத்தில் இட்லியும் சாம்பாரும் எடுத்துக் கொண்டு, நாம் போகாத ஒரு நாளில், நாம் போயிருக்க வேண்டிய வீட்டுக்குப் போகிறது.

* * *

வாசகிகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லர் என்பது எனக்குத் தெரியும். 'இது உங்கள் வீட்டு விவகாரம்' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்கள் அத்தையும் மாமியாரும் எந்தச் சாமியாரின் பேச்சைக் கைபேசியில் கேட்டுக் கொண்டு எந்த மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்களோ, யார் கண்டது?

வக்கீலாக இருக்கும் என் தோழி ஒருத்தி, "சட்டம் இருக்கிறதே!" என்றாள். இருக்கிறது. மருந்துகள், மாய வைத்தியங்கள் ஆகியவற்றைப் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. மந்திரத்தாலும் தாயத்தாலும் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக் கூடாத வியாதிகளின் பட்டியலில் நீரிழிவும் உண்டு. ஆனால் அது விளம்பரத்துக்கான சட்டம். ஒரு விதவையின் முன்கூடத்தில், பாயில் முழந்தாளிட்டு, உண்மையாகவே கண்ணீர் விட்டுக் கொண்டு ஒருவன் ஜெபம் செய்தால் அதற்கு எந்தச் சட்டப் பிரிவைக் காட்டுவது?

'உண்மையாகவே' என்ற சொல்லில்தான் என் மனம் மாட்டிக் கொண்டது. காசுக்காக வந்தவன் என்றால் பெரியம்மாவே கண்டுபிடித்திருப்பாள். கீரைக்காரி கட்டுக்குள் ஒளித்து வைக்கும் பழுத்த இலையைக் கட்டைப் பிரிக்காமலே சொல்லிவிடுகிற கண் அது. பொய்யனைக் கண்டுபிடிக்கப் பழகிய கண்ணுக்கு, உண்மையாகவே தவறு செய்கிறவன் அகப்படுவதில்லை.

எங்கள் பூர்வீகத்துப் பக்கத்திலேயே தொடங்கிய பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. கல்லூரியில் சரித்திர வகுப்பில் அரைத் தூக்கத்தில் கேட்டது. மறுபடி தேடிப் படித்தேன்.

திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் என்று ஒருவர் இருந்தார். 1810-ல் பிறந்தவர், ரேனியஸ் ஐயரிடம் படித்தவர், கிறிஸ்தியான்பேட்டை என்று ஓர் ஊரையே உண்டாக்கியவர். 1860-ல் அங்கே ஒரு பெரிய பக்தி எழுச்சி ஏற்பட்டது. ஜனங்கள் அழுதார்கள், பாடினார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். அந்த அலை சில ஆண்டுகளில் மலையைத் தாண்டித் திருவாங்கூருக்குப் போயிற்று. அங்கே அது சேர்ந்தவர்களில் ஒருவர் யுஸ்துஸ் ஜோசப் என்ற போதகர்.

அவர் சாமானியர் அல்லர். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். 1861-ல் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றவர். படிப்பிலும் பாட்டிலும் இருந்த புலமைக்காக 'வித்வான்குட்டி' என்றே அவரை அழைத்தார்கள். அவர் மலையாளத்தில் இயற்றிய கீர்த்தனைகளை இன்றைக்கும் கேரளத்துச் சபைகளில் பாடுகிறார்கள்.

அந்த மனிதர் வட்டாரத்தில், 1875-ஆம் ஆண்டில், குடாரப்பள்ளி தொம்மன் என்பவர் பரவச நிலையில் ஒரு தீர்க்கதரிசனம் சொன்னார்: இன்னும் ஆறு வருஷத்தில் கிறிஸ்து திரும்பி வருவார் என்று. வித்வான்குட்டி அதை நம்பினார். ஊர் ஊராகப் பிரசங்கித்தார். சபையை விட்டு வெளியேறினார். அவரோடு குடும்பம் குடும்பமாக ஜனங்களும் போனார்கள். 'ஐந்தரை வேதக்காரர்' என்று மற்றவர்கள் அவர்களைக் கேலி செய்தார்கள்.

1881-ஆம் ஆண்டு அக்டோபர் வந்தது. போயிற்று. வேறொன்றும் வரவில்லை.

இவர்கள்தாம் முதல் என்றோ கடைசி என்றோ எண்ண வேண்டாம். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று விடிய விடியக் காத்திருந்தார்கள். 2011-ல் ஹரால்டு கேம்பிங் என்ற வானொலிப் பிரசங்கியார் மே 21 என்றார்; அது பொய்த்ததும் அக்டோபர் 21 என்று வாய்தா வாங்கினார். அந்த நாளும் நாழிகையும் ஒருவருக்கும் தெரியாது என்ற கருத்தை மத்தேயு சுவிசேஷத்தின் 24-ஆம் அதிகாரத்தில் அவர்கள் படிக்காமலா இருந்திருப்பார்கள்? படித்திருப்பார்கள். பலமுறை. படித்துக் கொண்டே தாண்டிப் போயிருப்பார்கள்.

சொன்னது நடக்காவிட்டால் அது கடவுள் சொன்னதல்ல என்று உபாகமம் 18-ஆம் அதிகாரம் ஒரு சோதனையைக் கொடுக்கிறது. வித்வான்குட்டி பொய்க்கணக்கைப் பொய் என்று ஒப்புக் கொண்டாரா? இல்லை. கிறிஸ்து ஆவிக்குரிய விதமாக வந்துவிட்டார், புதிய யுகம் பிறந்துவிட்டது என்று விளக்கம் சொல்லி, 'யுயோமயம்' என்று தனிச் சபையே நடத்தினார். 1887-ல் காலமானார். தொடர்ந்து வந்தவர்களில் பலர் தலையைக் குனிந்து கொண்டு பழைய சபைக்குத் திரும்பினார்கள். அந்த அக்டோபர் இரவில் பிள்ளைகளைத் தூங்க வைக்காமல் உட்கார்ந்திருந்த தாய்மார்கள், மறுநாள் காலையில் அடுப்புப் பற்ற வைத்தபோது என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அதைப் புத்தகம் எழுதியவர்கள் எழுதி வைக்கவில்லை.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலேயே இன்னொரு விதமும் உண்டு. சுகமளிக்கும் கூட்டங்களால் 1960-களில் மிகவும் பெயர் பெற்றிருந்த பாலாசீர் லாறி என்ற பிரசங்கியார், பிற்பாடு தம்மையே திரும்பி வந்த மனுஷகுமாரன் என்றும் கல்கி அவதாரம் என்றும் அறிவித்துக் கொண்டார். சுட்டிக் காட்டுவதற்காக நீட்டிய விரல், மெள்ள மெள்ள வளைந்து தன் மார்பையே தொடுகிறது! என் பெரியம்மாவின் 'தம்பி'க்கு இரண்டு மாதத்தில் ஏற்பட்ட பதவி உயர்வுகளை நினைத்துக் கொண்டேன்.

* * *

அடுத்த சனிக்கிழமை மறுபடி கோவில்பதாகைக்குப் போனேன். இந்தத் தடவை வாதாடவில்லை. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, துணிமணியோடு போனேன்.

இரவு பெரியப்பாவின் வேதப்புத்தகத்தை எடுத்தேன். பழைய கறுப்பு அட்டைப் புத்தகம். திறந்த பக்கமெல்லாம் ஓரத்தில் பென்சிலால் 'மே 10, கீ 10' என்று எழுதியிருந்தது.

"இது என்ன கணக்கு, பெரியம்மா?"

பெரியம்மா சிரித்துவிட்டாள். "அதுவா? ஐயர் பிரசங்கத்திலே ஒரு வசனம் சொன்னா, உங்க பெரியப்பா வீட்டுக்கு வந்து அதுக்கு மேலே பத்து வசனம், கீழே பத்து வசனம் படிச்சுப் பார்ப்பாக. 'ஒரு போல்ட்டைத் தனியா கையிலே வச்சுப் பார்த்தா எல்லாம் நல்ல போல்ட்தான்ளா. எங்கே மாட்டுதோ அங்கே வச்சுப் பார்க்கணும்' என்பாக."

எனக்கு வேண்டியிருந்த ஆயுதம் என் பேனாவில் இல்லை. அந்தப் பென்சிலில் இருந்தது.

அன்றிரவு விளையாட்டுப் போலத் தொடங்கினோம். முதலில் மத்தேயு 4-ஆம் அதிகாரம். சோதனைக்காரன் இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, கீழே குதிக்கச் சொல்கிறான். சும்மா சொல்லவில்லை, வேத வசனத்தைக் காட்டிச் சொல்கிறான்! அவன் எடுத்துக் கொண்டது 91-ஆம் சங்கீதம். பெரியப்பாவின் முறைப்படி சங்கீதத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக் கொண்டு படித்தோம். பெரியம்மா விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக ஒப்பிட்டாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"ஏட்டி, ஒண்ணை விட்டுட்டானே!"

ஆமாம். நம்முடைய வழிகளில் நம்மைக் காப்பதாகச் சொல்லும் அந்த 'வழிகள்' என்ற சொல் அவன் எடுத்துக் காட்டியதில் இல்லை. உப்பரிகையிலிருந்து குதிப்பது யாருடைய வழி? அதற்கு அடுத்து, சிங்கத்தையும் பாம்பையும் மிதிப்பதைப் பற்றி வருகிற வசனத்துக்கும் அவன் போகவில்லை. அது அவனுக்கே ஆபத்தான இடம்!

"கள்ளன்! பாதி சொல்லிட்டு நிறுத்திட்டான், பாரு!" என்று பெரியம்மா, சீட்டாட்டத்தில் எதிராளியைப் பிடித்தவள் போலக் கையைத் தட்டினாள். இத்தனை வருஷமாகக் கேட்ட கதை. நானும்தான் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியிருக்கிறேன். இதைக் கவனித்ததில்லை.

தமிழில் புதிய ஏற்பாட்டைச் சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1714-15-ல் அச்சிட்டார். இந்திய மொழிகளில் முதல்முதல் அச்சேறிய புதிய ஏற்பாடு அதுதான். மூன்று நூற்றாண்டாக நம் வீட்டு அலமாரியில், நமக்குத் தெரிந்த எழுத்தில் புத்தகம் இருக்கிறது. அப்படியிருந்தும் ஒருவன் வந்து ஒரு வசனத்தைப் பறித்துக் காட்டினால், அது பறித்த இடத்தைத் திறந்து பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை. மல்லிகைப் பூவை முழம் போட்டு வாங்கும்போது நாரை இழுத்துப் பார்க்கிறோமே, அந்த ஜாக்கிரதைகூட இல்லை.

"ஆனா, அடுத்த தெருவுப் பொண்ணுக்குத் தலைவலி சுகமாச்சே? நான் கண்ணால பார்த்தேனே?" என்று மறுநாள் காலையில் பெரியம்மா கேட்டாள். இரவெல்லாம் யோசித்திருக்கிறாள் என்று தெரிந்தது. உபாகமம் 13-ஆம் அதிகாரத்தை எடுத்துக் கொடுத்தேன். அடையாளமும் அற்புதமும் நடந்துவிட்டாலும், தவறான பக்கம் இழுக்கிறவன் பேச்சைக் கேட்காதே என்பது அங்கே உள்ள கட்டளையின் கருத்து. நடந்தது என்பதே உபதேசத்துக்குச் சாட்சி ஆகாது. பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் காபி கலக்கப் போனாள்.

53-ஆம் அதிகாரத்தை நான் தொடவேயில்லை. அவளே தொட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, "ஏசாயாவிலே ஒரு ராஜா சாகக் கிடப்பானே, அது எங்கே இருக்கு?" என்றாள். மேலே பத்து வசனம் போதாது என்று அதிகாரம் அதிகாரமாகப் பின்னோக்கிப் போய்க் கொண்டிருந்திருக்கிறாள்! 38-ஆம் அதிகாரத்தை நான் உரக்கப் படித்தேன். எசேக்கியா ராஜா வியாதிப்பட்டுச் சுவர்ப்புறமாகத் திரும்பி அழுகிறான். கடவுள் அவன் ஜெபத்தைக் கேட்கிறார். இன்னும் 15 வருஷம் ஆயுள் கொடுக்கிறார். அடையாளத்துக்குச் சூரியனின் நிழல்கூடப் பின்னால் போகிறது. ராஜா பாட்டுப் பாடுகிறான். அதிகாரம் முடியப் போகிற இடத்தில், 21-ஆம் வசனத்தில், யாரும் எதிர்பார்க்காத ஒரு விஷயம் வருகிறது. ஏசாயா தீர்க்கதரிசியே, அத்திப்பழத்தில் அடை செய்து ராஜாவின் பிளவையின்மேல் பற்றுப் போடச் சொல்கிறார்!

சுகம் தருவேன் என்று கடவுள் வாக்குக் கொடுத்த பிறகும் பற்று! அதுவும் அதே ஏசாயாவின் புத்தகத்தில், பதினைந்து அதிகாரங்களுக்கு முன்னால்!

"பிளவை..." என்று பெரியம்மா மெதுவாகச் சொன்னாள். பிறகு புடவைக் கரையைச் சற்றுத் தூக்கி, வலது காலை எனக்குக் காட்டினாள்.

நேயர்களே, இரண்டு தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். அவள் பழைய காலுறை மாட்டிக் கொண்டு நடப்பதைப் பார்த்தேன். குளிருக்கு என்றாள். ஜூலை மாதத்தில் ஆவடியில் என்ன குளிர் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

சுண்டுவிரல் கறுத்திருந்தது.

* * *

மருத்துவமனையில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். காலைக் காப்பாற்றிவிட்டார்கள். சர்க்கரை ஏறிக் கிடக்கும்போது காலில் உணர்ச்சி குறைந்து போகிறது, ரத்த ஓட்டமும் குறைகிறது, அதனால் புண் ஏற்பட்டால் வலி தெரியாது, ஆறவும் ஆறாது என்று டாக்டர் அம்மாள் விளக்கினார். "வலிக்கவில்லையே, அதனால் சுகமாகிவிட்டது என்றுதானே நினைத்தீர்கள்?" என்று அவர் கேட்டபோது பெரியம்மா குழந்தை போலத் தலையை ஆட்டினாள். வலியில்லாததையே அவள் அற்புதம் என்று எண்ணியிருந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள், அந்த இளைஞன் மனைவியோடு பார்க்க வந்தான். நான் உள்ளே இருந்தேன். வெளியே வந்து நன்றாகக் கொடுக்க வேண்டும் என்று கை துடித்தது. ஆனால் பெரியம்மா என்னை முந்திக் கொண்டாள். கோபமே இல்லாமல், பெரியப்பாவின் புத்தகத்தை அவன் மடியில் வைத்து, "தம்பி, இந்த அத்திப்பழத்து அடைக்கு நீ என்ன சொல்லுதே?" என்றாள்.

அவன் படித்தான். முகம் சிவந்தது. "அம்மா, வேதத்தைக் கேள்வி கேட்கக் கூடாது. முதலில் கேள்வி கேட்டது ஏதேன் தோட்டத்துச் சர்ப்பம்தான்," என்றான்.

"சரிதான் தம்பி. ஆனா பெரோயா ஊர்க்காரங்க, பவுல் சொன்னதையே வேதத்திலே இருக்கான்னு தினமும் பார்த்தாங்களே? அப்போஸ்தலர் 17-லே அவங்களை நல்லவங்கன்னுதானே எழுதியிருக்கு? நான் வேதத்தைக் கேக்கலை. உன்னைக் கேக்குதேன். துரோப்பீமுவை மிலேத்துவிலே வியாதியோட விட்டுட்டு வந்தேன்னு பவுலே எழுதுதாரே, அப்ப பவுலுக்கும் விசுவாசம் குறைவா?"

நான் கதவுக்குப் பின்னால் நின்று கொண்டிருந்தேன். இரண்டாம் தீமோத்தேயுவின் கடைசி அதிகாரம் வரை அவள் எப்போது போனாள் என்பது எனக்கே தெரியாது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக் கொண்டு படித்திருக்கிறாள்!

அவன் எழுந்துவிட்டான். "உங்களுக்காக ஜெபம் பண்ணுகிறேன், அம்மா," என்றான். அதைக் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னான். படியிறங்கிப் போனான். அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. வித்வான்குட்டியின் ஞாபகம்தான் வந்தது.

அவன் மனைவி மட்டும் வாசலில் செருப்பைத் தேடுவது போலக் குனிந்து நின்றாள். செருப்பு அவள் கண் முன்னால்தான் இருந்தது. தெருவில் அவன் தலை மறைந்ததும் திரும்பி வந்து, "அம்மா, அது ஏசாயா எத்தனையாம் அதிகாரம்?" என்று தணிந்த குரலில் கேட்டாள். "எங்க மாமியாருக்குக் காலில் பத்து நாளா..." என்று தொடங்கி நிறுத்திக் கொண்டாள்.

பெரியம்மா என்னைப் பார்த்துக் கை நீட்டினாள். பென்சிலைக் கொடுத்தேன். காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, '38:21' என்று எழுதினாள். அதற்குக் கீழே டாக்டர் அம்மாளின் பெயரையும், அவர் வருகிற நேரத்தையும் எழுதி, நாலாய் மடித்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள்.